பேராதனைப் பூந்தோட்டத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கண்டிக்கு வருகிறவர்கள் பலர் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். ஓர்க்கிட் கூடத்தை எட்டிப் பார்த்து, பெரிய புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் அத்தி மரத்தடியில் படம் எடுத்ததும் வாகனத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். 147 ஏக்கர் தோட்டம் இது. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. ஆற்றோரப் பாதையில் கால் வைக்காமல் போனால் அதன் அழகில் பாதியை விட்டுவிட்டீர்கள். காலையிலேயே வாருங்கள், அரை நாளாவது வேண்டும்.

அந்த ஆற்றங்கரையில் நிற்கும் ராட்சத மூங்கில்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். கைக்கெட்டும் உயரமெல்லாம் பெயர்கள், இதயப் படங்கள். மரம்தானே, காயம் ஆறிவிடும் என்று நினைத்துக் கீறுகிறார்கள். மூங்கில் மரமல்ல, புல் இனம். முளை மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும்போதே தண்டின் பருமன் முடிவாகிவிடும். பிறகு உயருமே தவிரத் தடிக்காது. புதுப்பட்டை வளர்ந்து வெட்டை மூடவும் மூடாது. நீங்கள் கீறிய எழுத்து அந்தத் தண்டு சாகும்வரை அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் பழுப்பு உறை போர்த்திய முளைகள் தரையில் தலைகாட்டும், அவற்றையும் மிதித்துவிடாதீர்கள்.

1901-ல் இங்கு வந்த இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர், நட்ட நாகலிங்க மரம் இருக்கிறது. புத்தர் பிறந்த சால மரம் இதுதான் என்று பலரும் சொல்வார்கள். அது தவறு. சால மரம் வட இந்திய, நேபாளக் காடுகளுக்கு உரியது; நாகலிங்கம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அடிமரத்திலேயே பூக்கும் அந்தப் பூவைப் பறிக்காமல் குனிந்து பாருங்கள்: படம் எடுத்த நாகம் லிங்கத்துக்குக் குடை பிடித்தாற்போல இருக்கும். காய்கள் பீரங்கிக் குண்டு மாதிரிக் கனத்தவை, அடியில் நிற்க வேண்டாம்.

மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைக் கைதட்டிக் கிளப்புவதும் கூடாது. பகல்தான் அவற்றுக்கு உறங்கும் நேரம்.

மலையகத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் திரும்பாதீர்கள். 1824-ல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடி நடப்பட்டது இந்தத் தோட்டத்தில்தான். 1867-ல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் முதன்முதலாக வணிகத்துக்கென்று தேயிலை பயிரிட்டார். கோப்பித் தோட்ட வேலைக்கென்று கூட்டி வரப்பட்ட நம் பூட்டன்மாரின் பிள்ளைகள் முதுகில் கொழுந்துக்கூடை ஏறியது அதன் பிறகுதான்.