மட்டக்களப்பின் பழைய கடைத்தெருவுக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாசிக்குடாக் கடற்கரையில் தங்கியிருப்பவர்கள் ஒரு பிற்பகலை ஒதுக்கி மட்டக்களப்பு நகருக்கு வந்து, கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஊரைப் பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. கோட்டை பார்க்க வேண்டியதுதான். ஆனால் புளியந்தீவும் அதன் எதிர்க்கரையிலுள்ள கோட்டைமுனையும் சேர்ந்த இந்தப் பழைய நகர் துறையாலும் சந்தையாலும் வளர்ந்த ஊர் என்பதால், கடைத்தெருவுக்கு மிச்ச நேரத்தைக் கொடுப்பவருக்கு ஊர் பிடிபடாமலே போய்விடுகிறது.

முதல் தவறு நேரத்தில்தான் நடக்கிறது. நகரைச் சூழ்ந்த வாவியில், அதாவது கடலோர நீர்ப்பரப்பில், இரவில் வலை போட்டவர்கள் விடியலில் கரைக்கு வருகிறார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து மரக்கறியும் வெயில் ஏறுவதற்கு முன்பே வந்து இறங்கிவிடுகிறது. காலை ஏழு மணிக்குச் சந்தையில் நிற்பவர் காண்பதும் மதியம் ஒரு மணிக்கு வருபவர் காண்பதும் இரு வேறு ஊர்கள். மதியத்தில் எஞ்சியிருப்பது கழுவிவிட்ட சீமெந்துத் தரையும், விற்காத மீனுக்கு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் ஓரிருவரும்தான்.

கிழமையையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் மூடப்பட்டிருக்கும். முஸ்லிம்கள் வாழும் பக்கத்து ஊரான காத்தான்குடிக்கும் சென்று துணி எடுக்க நினைப்பவர்கள் அந்த மதியத்தைத் தவிர்ப்பது நல்லது. போயா எனப்படும் முழுநிலா நாட்களில் இறைச்சி கிடைக்காது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் நிற்பதும், வாவிக்குப் போகும் தோணிகள் குறைந்து மீன் விலை ஏறுவதும் இங்கு எல்லோரும் அறிந்தவை.

கோட்டையைப் பற்றிய தவறு சற்று நுட்பமானது. டச்சுக் கோட்டை என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், 1628 இல் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையுடன் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அதைக் கைப்பற்றியது 1638 இல். 1795 இல் அது ஆங்கிலேயரிடம் போனது. இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியுமாக அது அமைந்திருப்பதைக் கவனித்தால், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியே அன்று இந்த ஊரின் பெருந்தெருவாக இருந்தது என்பது விளங்கும். கல்லடிப் பாலம் 1924 இல் வரும்வரை கடற்கரைப் பக்கம் போகத் தோணிதான் ஏற வேண்டியிருந்தது. 1814 இல் மெதடிஸ்த ஊழியராக வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, மறு ஆண்டே இங்கு மறைந்த வில்லியம் ஓல்ட்டின் சிலையைப் பார்த்துவிட்டு, அவர் தொடங்கிய கல்விக்கூடமான மத்திய கல்லூரி வழியாகப் புளியந்தீவுக்குள் நடப்பவருக்கு இந்த வரலாறு தனியாகப் படிக்காமலே பிடிபடும். வாகனத்தில் உட்கார்ந்து சுற்றுபவருக்கு நெரிசல் மட்டுமே மிஞ்சும். வாகனத்தை எங்காவது நிறுத்திவிட்டுத் தொப்பியுடன் நடப்பதே வழி.

சந்தைக்குள் வந்ததும் பெரும்பாலோர் செய்வது, எல்லாவற்றுக்கும் பேரம் பேசுவது. தராசில் நிறுத்து விற்கும் பெரிய மீனுக்கு அன்றைய விலை ஒன்று இருக்கிறது; அதில் அதிகம் குறையாது. கூறு போட்டு வைத்திருக்கும் சின்ன மீனிலும் இறாலிலும்தான் பேச்சுக்கு இடமுண்டு, அதுவும் விலையைக் குறைப்பதைவிட "இன்னும் ரெண்டு போடுங்கோ" என்று கேட்பதே பலிக்கும். வாங்குமுன் "ஆத்து மீனா, கடல் மீனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாவியை ஆறு என்றே சொல்லும் இவ்வூரில் ஆத்து மீனுக்கு ருசியும் விலையும் வேறு. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் விற்பவர் கோபிக்க மாட்டார். வயிற்றை விரலால் அமுக்கிக்கொண்டே நின்றால் கோபிப்பார். நண்டைக் கண்ணால் அளக்காமல் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: ஒரே பருமனுள்ள இரண்டில் கனமானதில்தான் சதை இருக்கும்.

பேச்சு முறையும் முக்கியம். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே கடை போட்டிருக்கிறார்கள்; தமிழரை அண்ணன் என்றும், முஸ்லிமை அதே பொருளில் காக்கா என்றும் கூப்பிட்டால் முகம் மலரும். வயதான அம்மா ஒருவர் "என்ன மனே வேணும்?" என்று கேட்டால், "மகனே" என்பதன் பேச்சு வடிவமான அந்த "மனே" உங்களையும் தன் பிள்ளைகளில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டதன் அடையாளம். அப்படிப் பேசியவரின் முகத்துக்கு நேரே கேட்காமல் கைபேசியை நீட்டுவது மரியாதைக் குறைவு. "ஒரு படம் எடுக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், தலையை ஆட்டி மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். ஏதாவது வாங்கிய பின் கேட்பது இன்னும் நல்லது.

கருவாட்டில் ஏமாறுகிறவர்கள் நிறையப்பேர். தொட்டால் கையில் ஈரம் ஒட்டும் கருவாடு எடை கூடியிருக்கும், இரண்டு நாளில் பூசணமும் பிடிக்கும். வாலை மடித்தால் விறைப்பாக நிற்பதையே எடுங்கள். நீங்கள் போகப்போவது குளிரூட்டப்பட்ட பஸ்ஸிலென்றால், பக்கத்து இருக்கைக்காரரை நினைத்தாவது காகிதத்தில் பல சுற்றுச் சுற்றி வாங்குங்கள்.

எருமைத் தயிரைக் காலையிலேயே வாங்கிச் சுமப்பது வேண்டாத வேலை. மண்சட்டியின் வாயைக் காகிதத்தால் மூடிக் கயிற்றால் கட்டித் தருவார்கள். அது அசைவையும் சரிவையும் தாங்காது, வெயிலில் புளித்தும் போகும். ஊர் திரும்புகிற நேரத்தில் கடைசியாக வாங்கி, பஸ்ஸில் மேல்தட்டில் வைக்காமல் காலடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.