பேரரசு வீழ்ந்த பின்னும் வாழும் வேற்றுக்கோள் குழு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் அறிவியல் புனைகதை எழுதிப் பார்க்கும் இளைஞர்கள் சிலர் தங்கள் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் தருவதுண்டு. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கரு உண்டு. பல கோள்களை ஒரே மதத்தின் பெயரால் ஆண்ட வேற்றுக்கோள் பேரரசு ஒன்று சரிகிறது. தலைமைக் குருமார் மடிகிறார்கள். எல்லைப்புறத்தில் இருந்த ஒரு படைப்பிரிவோ குடியேற்றமோ தனியே பிரிந்து நின்று, பழைய பெயரைச் சுமந்தபடி வாழ்கிறது. இது மிக வளமான கரு. ஆனால் நான் படித்த பெரும்பாலான பிரதிகளில் அந்தக் குழுவினர் சூளுரைப்பதற்கும் சுடுவதற்கும் மட்டுமே உயிரோடு இருக்கிறார்கள். பேரரசு வீழ்ந்த மறுநாள் அவர்கள் யார் சொல்லைக் கேட்டார்கள், எதை உண்டார்கள், அன்று பிறந்த பிள்ளைக்குச் சடங்கு செய்தது யார் என்ற கேள்விகள் எழுதுபவரின் மனத்தில் எழுவதே இல்லை. கீழே நான் சொல்லப்போகும் தவறுகள் அனைத்தும் இந்த ஒரு குறையிலிருந்தே கிளைக்கின்றன.

பேரரசின் வீழ்ச்சியை எல்லோரும் ஒரே நாளில் அறிந்துவிட்டதாக எழுதுவது முதல் தவறு. இதற்கு மறுமொழி கடலூரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1783 ஜூன் மாதம் இங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடும் போர் புரிந்தார்கள். 13ஆம் தேதி தரையில் மோதினார்கள், 20ஆம் தேதி கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் மோதின. ஆனால் அந்த இரு அரசுகளும் ஐரோப்பாவில் முதற்கட்ட சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜனவரி 20. முடிந்துபோன ஒரு போருக்காக இங்கே நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். செய்தி வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில்தான். கடல் வழிக்கே இவ்வளவு தாமதம் என்றால், விண்வெளிக்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியிலிருந்து ஒளி வந்து சேரவே ஏறத்தாழ 4.2 ஆண்டுகள் ஆகின்றன. ஏழு கோள்களைக் கொண்ட டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீன் சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. தலைநகரிலிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் குடியேற்றம், அரசர் கொல்லப்பட்ட பிறகும் நாற்பது ஆண்டுகள் அவருடைய நீண்ட ஆயுளுக்காக வேண்டிக்கொண்டிருக்கும். ஒளியை விஞ்சும் கப்பல்கள் கதையில் உண்டு என்றால் நிலைமை இன்னும் சுவையானது: அந்தக் கப்பல்கள் யாருடையவை, வீழ்ச்சிக்குப் பின் அவற்றில் எத்தனை ஓடுகின்றன, ஒன்றுக்கொன்று முரணான செய்திகளைக் கொண்டுவரும் இரண்டு கப்பல்களில் எதை நம்புவது என்ற சிக்கல்கள் எழும். ஒரு குழு உடைவதற்குக் கோட்பாடு வேறுபட வேண்டும் என்பதில்லை. தலைநகர் விழுந்தது என்ற செய்தியை நம்பியவர்கள், நம்ப மறுத்தவர்கள் என்ற பிரிவே முதல் பிளவாக அமையலாம்.

அடுத்தது, குழுவினரை வெறியர், மனம் மாறியவர் என்று இரண்டே வகையாகப் பிரிப்பது. நம்பிக்கையின் அளவை மட்டும் வைத்து ஆட்களை வேறுபடுத்தினால் கதை விரைவில் வறண்டுவிடும். உண்மையில் மையம் அழிந்த மதக் குழுக்களைப் பிளந்தவை பெரும்பாலும் நடைமுறைக் கேள்விகளே. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின் வாழ்ந்த, அந்நாட்டின் பழைய மதத்தினரான ஜொராஸ்டிரியர்களின் வரலாறு. சாசானியர் வழக்கில் ஒவ்வொரு மன்னரும் முடிசூடும்போது ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கடைசி மன்னரான மூன்றாம் யஸ்தெகெர்த் 632இல் முடிசூடி 651இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்க மன்னர் எவரும் இல்லாததால், இந்தியாவில் குடியேறிய ஜொராஸ்டிரியர்களான பார்சிகள் இன்றுவரை அந்த 632இலிருந்தே ஆண்டுகளை எண்ணி வருகிறார்கள். அரசு போய் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கடைசி அரசரின் ஆட்சியாண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதைப் படித்தபோது, நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே நாட்காட்டிதான் பின்னர் அவர்களைப் பிரிக்கவும் செய்தது. 365 நாள் கொண்ட ஆண்டு பருவங்களோடு ஒத்துப்போக வேண்டுமானால் 120 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் சேர்க்க வேண்டும். இந்தியாவில் இருந்தோர் ஒருமுறை அவ்வாறு சேர்த்தார்கள். ஈரானில் இருந்தோர் சேர்க்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சூரத்தில் இந்த ஒரு மாத வேறுபாடு தெரியவந்தபோது சமூகம் ஷாஹென்ஷாஹி, கத்மி என இரண்டாயிற்று. வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி விழா எடுப்பதா, திருக்கணிதப்படி எடுப்பதா என்ற வழக்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். தவறான நாளில் செய்த வழிபாடு செல்லுமா என்ற அச்சம், இறைவன் உண்டா இல்லையா என்ற ஐயத்தைவிடக் கூர்மையாக ஒரு குடும்பத்தை வெட்டிவிடும். உங்கள் வேற்றுக்கோள் குழுவுக்கும் ஒரு நாட்காட்டி கொடுங்கள். அதை அறிவிக்கும் அதிகாரம் தலைநகரில் இருந்தது என்று வையுங்கள். பிறகு தலைநகரை அழியுங்கள்.

நாட்காட்டிக்கு அடுத்தபடியாகப் பலர் மறந்துவிடும் கேள்வி, புதிய குருவை யார் உருவாக்குவது என்பது. ரஷ்யாவில் 1650களில் திருச்சபைத் தலைவர் நிகோன் வழிபாட்டு முறைகளில் மாற்றம் கொண்டுவந்தார். சிலுவைக் குறியை இரண்டு விரல்களால் இடுவதா, மூன்று விரல்களால் இடுவதா என்பதும் அவற்றுள் ஒன்று. மாற்றத்தை ஏற்காத பழைய நம்பிக்கையாளர்களை 1666-67ஆம் ஆண்டுப் பேரவை கண்டித்து விலக்கியது. அவர்கள் பக்கம் ஆயர் எவரும் மிஞ்சவில்லை. ஆயர் இல்லாமல் புதிய குருவுக்குத் திருநிலைப்பாடு செய்ய முடியாது. எனவே பழைய குருமார் ஒவ்வொருவராக இறக்க இறக்க, ஒரு சாரார் அரசுச் சபையிலிருந்து ஓடிவந்த குருமாரை ஏற்றார்கள். மற்றொரு சாரார் குருவே இல்லாமல் வாழத் துணிந்தார்கள். வாரிசு வழி அறுந்த ஒரு குழுவின் உள்ளே எவ்வளவு துயரமும் எவ்வளவு துணிவும் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் நம் கைப்பிரதிகளிலோ தலைமைக் குரு இறந்த அடுத்த பக்கத்திலேயே இன்னொருவர் அதே அங்கியோடு எழுந்து நிற்கிறார்.

எஞ்சிய குழு கோட்டைக்குள்தான் ஒளிந்திருக்கும் என்ற நினைப்பும் பிழையானது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலமும் அந்த விற்பனையில் அடங்கியது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி இடித்துவிட்டார். கோட்டை போய்விட்டது, குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. அதேபோல் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயரில் சமணத்தின் பெரிய கல்வி நிலையமாக விளங்கியது. 458ஆம் ஆண்டில் சர்வநந்தி உலகின் அமைப்பைப் பற்றிய ஒரு நூலை அங்கிருந்து எழுதினார். அரச ஆதரவு கைமாறிய பின் அந்த நிலையம் மறைந்தது, ஆனால் தமிழ்ச் சமணர் மறையவில்லை. செஞ்சிப் பக்கத்து ஊர்களில் உழவர்களாக வாழ்கிறார்கள், மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. ஒரு குழு தப்பிப் பிழைப்பது வயலிலும் ஊர்ப்பெயரிலும் திருமண முறையிலும்தான். வேற்றுக்கோள் கதையிலும் பாழடைந்த போர்க்கப்பலை விட்டுவிட்டு, அதன் உணவு வளர்க்கும் அறைக்குள் கதையைக் கொண்டுபோனால் எழுதுவதற்கு நிறையக் கிடைக்கும்.

எஞ்சியவர்கள் பழைமையை அப்படியே காக்கிறார்கள் என்று எழுதுவோர் கவனிக்க வேண்டிய சான்று புதுச்சேரியில் உண்டு. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணையின் கீழ்த் தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வழிவந்தோருக்கு, 1954இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி 1962இல் அது சட்டப்படி உறுதியான பின்னும், அந்தச் சட்டம் இங்கே பொருந்துகிறது. ஆனால் பிரான்சில் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்கள் தாமாக இங்கே வந்து சேர்வதில்லை. மையம் மாறிக்கொண்டே போக, விளிம்பு பழைய வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டு பிளவுக் குழுக்கள் நூறு ஆண்டுக்குப் பின் சந்திக்கும் காட்சியை எழுதுபவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: இருவரும் தாமே மாறாதவர் என்று உறுதியாக நம்புவார்கள், இருவரிடமும் அதற்கு ஆவணம் இருக்கும்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேற்றுக்கோளினருக்கு நான்கு கைகளையும் நீல நிறத்தையும் கொடுத்துவிட்டு, மனித ஆயுளையும் மனித விடியலையும் அப்படியே வைத்துவிடுகிறார்கள். முந்நூறு ஆண்டுகள் வாழும் இனத்தில் பேரரசு வீழ்ந்து நூற்றாண்டு கடந்தாலும் அதைக் கண்ணால் கண்டவர்களே பெரும்பான்மையாக இருப்பார்கள்; அங்கே புராணம் உருவாக இடமில்லை, சாட்சிகளுக்கு இடையே சண்டைதான் உருவாகும். பத்து ஆண்டே வாழும் இனத்திலோ அதே நூற்றாண்டில் பல தலைமுறைகள் கடந்திருக்கும். பேரரசரின் முகம் யாருக்கும் தெரியாது. டிராப்பிஸ்ட்-1இன் கோள்களைப் போல ஒரு பக்கத்தையே எப்போதும் தம் விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கக்கூடிய உலகில் சூரியன் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. அத்தகைய உலகில் விடியற்காலைப் பூசை நடப்பதாக எழுதிய பிரதி ஒன்றை நான் திருப்பித் தர நேர்ந்தது.

சொற்களிலும் எச்சரிக்கை தேவை. ஆதீனம், பட்டம், தீட்சை, அடியார் போன்ற சொற்களைப் போட்டவுடன் தமிழ் வாசகர் மனத்தில் ஒரு குறிப்பிட்ட மரபு எழுந்து நின்றுவிடும். எழுதியவர் விரும்பாவிட்டாலும் அந்தக் கற்பனைக் குழு நம் பக்கத்துத் தெருவில் வாழும் ஒரு சமூகத்தின் சாயலாகிவிடும். அது அந்தச் சமூகத்துக்கும் நியாயமல்ல, கதைக்கும் நல்லதல்ல. செய்யும் வேலையைக் கொண்டு பெயரிடுவதே நல்லது: நாள் சொல்பவர், விளக்குக் காப்பவர், பெயர் எழுதுபவர் என்பவை போதும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி சென்ற முறை கொடுத்த அத்தியாயத்தில் போரே இல்லை. குடியேற்றத்தின் களஞ்சியக் கணக்கர் புதிய பேரேட்டைத் திறந்து, தலைப்பில் எந்த ஆண்டை எழுதுவது என்று கூடியிருந்தவர்களைக் கேட்கிறார். அரசர் இறந்துவிட்டார் என்று ஒரு கப்பலும், தப்பிவிட்டார் என்று இன்னொரு கப்பலும் சொல்லியிருக்கின்றன. நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தக் கணக்கர் தாமாகவே அரசரின் நாற்பத்தொன்றாம் ஆண்டு என்று எழுதி, அதன் கீழே அன்று வந்த தானிய மூட்டைகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறார். அந்த அத்தியாயத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.