சிடி டிரைவ் இல்லையா? லேன் கேபிள் போதும்

கானாடுகாத்தானில் அம்மான் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட வேண்டியிருந்தது. சிடி டிரைவ் செத்துப் பல வருஷம். பென் டிரைவிலிருந்தும் பூட் ஆகவில்லை. பயாஸில் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) ‘நெட்வொர்க் பூட்’ இருந்தது; அதாவது கேபிள் வழியே இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பூட் ஆகும் வசதி. அது போதும்.

உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் (dnsmasq) என்ற சிறு சர்வர் மென்பொருளை நிறுவுங்கள். ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுப்பது, டிஎஃப்டிபி (TFTP) என்ற எளிய முறை வழியே ஃபைல் அனுப்புவது இரண்டும் அதற்குத் தெரியும். டெபியன் தளத்திலிருந்து நெட்பூட் தொகுப்பை இறக்கி, டிஎஃப்டிபி ஃபோல்டரில் விரித்து வையுங்கள். பழைய பயாஸுக்கு பூட் ஃபைல் பிஎக்ஸ்இலினக்ஸ்.0 (pxelinux.0), யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த புதிய முறை) மெஷினுக்கு வேறு.

நான் மாட்டிக்கொண்டது ரவுட்டரிடம். அதுவும் ஐபி கொடுக்கும். ஒரே வளவில் இரண்டு பேர் அறை ஒதுக்கினால் என்ன ஆகும்? டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில் ஓட்டினேன்: ஐபியை ரவுட்டர் தரும், பூட் ஃபைல் எங்கே என்பதை மட்டும் இது சொல்லும். லேப்டாப் ஃபயர்வாலில் யுடிபி போர்ட்டுகள் 67, 69, 4011 திறந்திருக்கட்டும்.

வைஃபை வேண்டாம். செட்டிநாட்டுச் சுவரைத் தாண்டி சிக்னல் வருவதே பெரிது. வந்தாலும் பழைய மெஷின் அதில் பூட் ஆகாது. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கேபிள் இழுத்தேன். கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) இன்ஸ்டாலரும்தான் லேப்டாப்பிலிருந்து போகும்; மற்ற பேக்கேஜெல்லாம் இணையத்திலிருந்து இறங்கும். டேட்டா இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.