நிலநடுக்கம் எவ்வளவு தூரத்தில்? எட்டால் பெருக்குங்கள்

நில அதிர்வுப் பதிவில் பி அலை (முதலில் வரும் வேகமான அதிர்வலை) வந்த நேரத்துக்கும் எஸ் அலை (அதற்குப் பின்னால் வரும் மெதுவான அலை) வந்த நேரத்துக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்று பார்த்து அதை 8-ஆல் பெருக்குங்கள், நிலநடுக்கம் ஏற்பட்ட இடத்தின் தூரம் கிட்டத்தட்ட கிலோமீட்டரில் கிடைத்துவிடும். 10 விநாடி என்றால் சுமார் 80 கி.மீ.

பூமியின் மேலோட்டுப் பாறையில் பி அலையின் சராசரி வேகம் விநாடிக்கு 6 கி.மீ., எஸ் அலைக்கு 3.5 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 8.4 கி.மீ.க்கும் எஸ் அலை ஒரு விநாடி பின்தங்குகிறது. நிலநடுக்கம் தொடங்கிய நேரம் தெரியாமலே தூரம் கிடைப்பதுதான் இதன் அழகு.

இங்கே சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தது, அடுக்குகளின் வேகங்களைக் கூட்டி வகுத்தது அல்ல: 6 கி.மீ. தடிமனுள்ள ஓர் அடுக்கை 3 கி.மீ. வேகத்திலும் அதே தடிமனுள்ள அடுத்ததை 6 கி.மீ. வேகத்திலும் அலை கடந்தால் விடை 4, 4.5 இல்லை. தேர்வில் இதை நிச்சயம் கவனியுங்கள்.

சில நூறு கி.மீ.க்கு மேல் போனால் இந்த 8 உதவாது. அலை மேலோட்டுக்குக் கீழே, இன்னும் வேகமாகப் போகக்கூடிய மூடகம் என்ற அடுக்குக்குள் இறங்கிவிடும், அப்புறம் எந்தத் தூரத்துக்கு அலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று காட்டும் பயண நேர அட்டவணைதான் வழி. ஆழமான நிலநடுக்கத்தில் கிடைப்பது குவியத்துக்கான (பூமிக்குள் அதிர்வு தொடங்கிய புள்ளிக்கான) தூரம், மேல்மையத்துக்கானது (அதற்கு நேர் மேலே தரையிலுள்ள புள்ளிக்கானது) அல்ல. இப்படிக் கிடைக்கும் தூரங்களை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் குறைந்தது மூன்று நிலையங்களின் பதிவு தேவை.