கறள் பிடித்த மொரிஸ் பிக்கப்: முதலில் சுத்தியலை எடுங்கள்

பெயின்ற் அடிக்கும் ஆசையைக் கொஞ்சக் காலம் தள்ளி வையுங்கள். என்ஜினைக் கழற்றும் ஆசையையும்தான். பழைய வண்டி ஒன்று வீட்டில் நிற்கிறது, திருத்தப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டமான சேசியைத் தட்டிப் பார்த்தீர்களா என்றுதான்.

எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே நின்றது 1967 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் பிக்கப். அப்பப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் வெங்காயமும் புகையிலையும் ஏற்றிய வண்டி. மைனர் காருக்குத் தனிச் சேசி கிடையாது. பிக்கப்புக்கும் வானுக்கும் உண்டு. சேசி நன்றாக இருந்தால் மேலே தகரம் எவ்வளவு உக்கியிருந்தாலும் வண்டியை மீட்கலாம். சேசி போய்விட்டால் கபின் பளபளத்து என்ன பயன்?

கீழே படுக்கத்தான் வேண்டும். அதற்கு ஜக்கை மட்டும் நம்பாதீர்கள். சீமெந்துக் கல்லும் வேண்டாம், பாரத்தில் திடீரென்று நொறுங்கிவிடும். நான் தடித்த பனங்குற்றிகளை மட்டமாக அறுத்து நாலு பக்கமும் வைத்தேன். வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போனேன்.

சின்னச் சுத்தியலால் சேசி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ணங்கென்று பேசும். உக்கியது தொப்பென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். பின் வில்லுகள் பூட்டும் இடங்கள், கபின் சேசியில் உட்காரும் இடங்கள், சாரதியின் காலடித் தகரம், கதவுகளின் அடி, இவற்றை விடவே கூடாது. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒரு மைல்கூட இல்லை. உப்புக்காற்றுப் போதாதென்று, கபினுக்கும் பெட்டிக்கும் இடையில் மாஞ்சருகு நிறைந்து வருடக்கணக்காக ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. வலப்பக்கப் பின் வில்லடியில் குத்தியபோது திருப்புளி பிடிவரை இறங்கியது. அப்படிக் கண்ட ஒவ்வோர் இடத்தையும் வெண்கட்டியால் வட்டம் போட்டு எண்ணினேன். பதினொன்று. வெல்டிங் செய்பவரிடம் விலை பேச அந்த எண்ணிக்கை வேண்டும்.

யாழ்ப்பாணத்து வண்டி என்றால் என்ஜினில் ஒரு விஷயம் கவனியுங்கள். போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயில்தான் இந்த வண்டிகளை ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே பழைய ஒயிலோடு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். எங்களுடையதில் ஒயிலைத் திறந்துவிட்டபோது தண்ணீர் போல ஓடியது, மண்ணெண்ணெய் மணத்தோடு. என்ஜின் இறுகிப்போயிருந்ததால் நாலு பிளக்கையும் கழற்றி, புது ஒயிலும் டீசலும் சமபங்கு கலந்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு மேசைக்கரண்டி விட்டேன். ஒரு வாரம் தொடவில்லை. பிறகு வண்டியைக் குற்றிகளிலிருந்து இறக்கி, நாலாம் கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். ஒன்பதாம் நாள் இளகியது. அவசரப்பட்டு இழுத்திருந்தால் பிஸ்டன் ரிங் உடைந்திருக்கும்.

பற்றரி கொழுவுமுன் வயரைப் பாருங்கள். மைனரில் நேர்முனைதான் உடலோடு சேரும், இன்றைய வண்டிகளுக்கு எதிர்மாறு. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் வழுக்கி முனை மழுங்கும். கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் படம் எடுத்து, ஜாம் போத்தலில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். சின்னச் சாமான்களை ஒருநாள் வினாகிரியில் ஊறவிட்டால் கறள் கழன்றுவிடும். எடுத்ததும் அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே உலர்த்தி ஒயில் பூசாவிட்டால் அடுத்த நாளே திரும்பிவிடும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். உலர உரஞ்சாமல் தண்ணீர் தொட்டு உரஞ்சுங்கள், முகமூடியும் போடுங்கள். பெற்றோல் தாங்கியில் மட்டும் வீட்டில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலியாக இருந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

முன்சில்லைத் தாங்கும் மரைகளில் கிரீஸ் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அவை தேய்ந்த மைனரில் ஓடும்போதே சில்லு மடிந்து விழலாம். பிரேக் ரப்பர்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாமே புதிது போட வேண்டும்.

வெட்டி ஒட்டுவது கடைசியில்தான். கபின் தளத்தை வெட்டுவதற்கு முன் இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டுங்கள். நான் இடப்பக்கம் அதைச் செய்யாமல் வெட்டினேன். வாசல் அரை அங்குலம் ஒடுங்கி, கதவு பூட்டவில்லை. ஜக் வைத்து விரித்துச் சரிக்கட்ட ஒரு கிழமை போனது. வலப்பக்கத்துக்குக் குழாய் வைத்த பிறகுதான் வெட்டும் மெஷினைத் தொட்டேன்.