லினக்ஸுக்குள் விண்டோஸ் 11: கேவிஎம்மில் சிக்கலின்றி நிறுவ

விண்டோஸில் மட்டும் ஓடும் ஒன்றிரண்டு மென்பொருளுக்காக டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) வைத்து அல்லாடத் தேவையில்லை. லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை மெய்நிகர் கணினியாக (விர்ச்சுவல் மெஷின்) ஓட்ட உதவும் கேவிஎம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. உபுண்டு, டெபியனில் விர்ட்-மேனேஜர் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் செயலி), ஓவிஎம்எஃப் (அவற்றுக்கான யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்), எஸ்டபிள்யூடிபிஎம் (டிபிஎம் பாதுகாப்புச் சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள்) ஆகியவற்றை நிறுவி, உங்கள் பயனர் கணக்கை அவற்றை இயக்க அனுமதி தரும் லிப்விர்ட் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். கேவிஎம் இல்லை என்று விர்ட்-மேனேஜர் சொன்னால் பயாஸை (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பாருங்கள்: மெய்நிகர் கணினிகளுக்கான வசதி, அதாவது இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம், அணைந்திருக்கும்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் கோப்பு), ஃபெடோரா தளத்திலிருந்து விர்டியோ-வின் ஐஎஸ்ஓ (மெய்நிகர் வட்டு, நெட்வொர்க்குக்கான விண்டோஸ் டிரைவர்கள்) இரண்டும் வேண்டும். கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தால் விண்டோஸுக்கு 8 கொடுக்கலாம். 4க்குக் கீழே இறங்க வேண்டாம். வட்டு குறைந்தது 64 ஜிபி.

விர்ட்-மேனேஜரில் புதிய மெஷின் உருவாக்கும்போது வரும் கடைசித் திரையில், நிறுவுவதற்கு முன் அமைப்புகளை மாற்றும் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். வேலையே அங்கேதான் இருக்கிறது. ஃபர்ம்வேர் செக்யூர் பூட் உள்ள யுஇஎஃப்ஐ, டிபிஎம் 2.0 எமுலேட்டட், வட்டும் நெட்வொர்க்கும் விர்டியோ வகை. சிபியு டோபாலஜியில் சாக்கெட் (தனிச் செயலிச் சிப்) 1, கோர் 4 என்று வையுங்கள். நான்கையும் தனித்தனி சாக்கெட்டாக விட்டால் விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒன்றை மட்டுமே பயன்படுத்தும். மெஷின் ஏன் இப்படி ஊர்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். இரண்டாவது சிடிராம் சேர்த்து விர்டியோ ஐஎஸ்ஓவை அதில் மாட்டுங்கள்.

நிறுவும்போது வட்டுப் பட்டியல் காலியாக வரும். பயப்பட ஒன்றுமில்லை, விண்டோஸிடம் விர்டியோ டிரைவர் கிடையாது. லோட் டிரைவர் அழுத்தி, வையோஸ்டார் கோப்புறைக்குள் டபிள்யூ11, அதற்குள் ஏஎம்டி64 என்று போனால் வட்டு தெரியும். வட்டை விர்டியோ ஸ்கஸி வகையாக வைத்திருந்தால் எடுக்க வேண்டியது வையோஸ்கஸி. அதே திரையிலேயே நெட்வொர்க்குக்கான நெட்கேவிஎம் டிரைவரையும் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு இணையம் கேட்கும் கட்டத்தில் நகர முடியாமல் நிற்பீர்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் விர்டியோ சிடியில் உள்ள கெஸ்ட் டூல்ஸை ஓட்டினால் காப்பி-பேஸ்ட்டும் திரை அளவும் சரியாகிவிடும். முப்பரிமாண விளையாட்டுகளுக்கு இந்த அமைப்பு உதவாது, அதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டை பாஸ்த்ரூ செய்ய (நேரடியாக மெஷினிடம் ஒப்படைக்க) வேண்டும்.

பேக்கப் எடுக்கும்போது மெஷினை முழுதாக அணைத்துவிட்டு, வட்டுக் கோப்போடு என்விராம் (ஃபர்ம்வேர் அமைப்புகள்), டிபிஎம் கோப்புகளையும் சேர்த்து நகலெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இயங்கும் வட்டை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனால் மீட்புச் சாவி இல்லாமல் அது திறக்காது.