மெடிசின் கிடைக்குமா? வீட்டில் உட்கார்ந்தே கணித்துப் பார்க்கும் முறை

சிங்கப்பூரில் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடிவுகள் வரும் பிப்ரவரி மாதத்தில் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, பிள்ளைக்கு மெடிசின் கிடைக்குமா?" என் மகளுக்காக இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டவள் நான். முதல் முறை எங்களைத் தடுத்தது மதிப்பெண் அல்ல, தேதி. அதனால் படி நான்கை மட்டுமாவது விடாமல் படியுங்கள்.

படி 1: பாடங்கள்

ஏ லெவலில் எச்2 என்பது முழு அளவுப் பாடம், எச்1 அதில் பாதி. எச்2 வேதியியல் கட்டாயம். அதோடு எச்2 உயிரியல் அல்லது இயற்பியல். சிங்கப்பூர் தேசியப் பல்கலையின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளிக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலையின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளிக்கும் இதுதான் அடிப்படை. மூன்றாவது மருத்துவப் பள்ளியான டியூக்-என்யூஎஸ் பட்டம் முடித்தவர்களுக்கானது, இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

படி 2: புள்ளிகள்

2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு மொத்தம் 70 புள்ளி. பழைய 90 புள்ளிக் கணக்கை மறந்துவிடுங்கள். மூன்று எச்2 பாடங்களுக்கு 60, ஜெனரல் பேப்பருக்கு (ஜிபி, எச்1 நிலையிலான பொதுத்தாள்) 10. எச்2வில் ஏ வாங்கினால் 20, பி என்றால் 17.5. எச்1இல் ஏ என்றால் 10, பி என்றால் 8.75. நான்காவது பாடமும் (பெரும்பாலும் எச்1) தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேரும்.

மூன்று எச்2விலும் ஏ, ஜிபியில் பி வாங்கிய ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 60 + 8.75 = 68.75. நான்காவதான எச்1 பாடத்தில் ஏ இருந்தால் 80க்கு 78.75. அதை 70க்கு மாற்றினால் 68.91. எச்1 தமிழிலும் ஏ இருந்தால் 90க்கு 88.75, அதாவது 70க்கு 69.03. "தமிழ் கணக்கில் வராது, விட்டுவிடலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த வரியைத்தான் காட்டுகிறேன். தமிழ் உங்கள் புள்ளியை இறக்காது, ஏற்றலாம்.

இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். கூகுள் ஷீட்டில் நாமே போடுவதுதான் நல்லது. எந்தப் பாடம் எவ்வளவு தூக்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

படி 3: பத்தாவது சதமானம்

பல்கலைக்கழகங்கள் முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களின் தேர்ச்சி நிலையை வெளியிடுகின்றன. பத்தாவது சதமானம் என்பது சேர்ந்தவர்களைக் கீழிருந்து வரிசைப்படுத்தினால் பத்து விழுக்காட்டு இடத்தில் நிற்பவரின் நிலை. மருத்துவத்துக்குப் பத்தாவது சதமானமும் ஏஏஏ/ஏ (மூன்று எச்2விலும் ஏ, எச்1இலும் ஏ), தொண்ணூறாவதும் ஏஏஏ/ஏ. பலர் இதைப் பார்த்து, "என் பிள்ளைக்கும் ஏஏஏ/ஏ, அப்படியானால் கிடைத்துவிடும்" என்று நினைக்கிறார்கள். பொருள் வேறு. ஏ லெவல் வழியில் சேர்ந்த ஏறக்குறைய எல்லாரும் அதே மதிப்பெண்ணோடுதான் வந்திருக்கிறார்கள். கிடைக்காமல் போனவர்களிலும் அதே மதிப்பெண் உள்ளவர்கள் உண்டு, அவர்கள் அட்டவணையில் தெரிய மாட்டார்கள். ஏஏஏ/ஏ என்பது வரிசையில் நிற்பதற்கான சீட்டு. அதற்குக் கீழே இருந்தால் வாய்ப்பு மெலிதாகிறது என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், மாற்றுத் துறை ஒன்றையும் சேர்த்தே யோசியுங்கள்.

படி 4: யூகேட். இங்கேதான் நாங்கள் ஓராண்டை இழந்தோம்

லீ கோங் சியான் பள்ளிக்கு யூகேட் (UCAT) எனும் மருத்துவச் சேர்க்கைக்கான திறன் தேர்வு தேவை. மகள் 2024இல் ஏ லெவல் எழுதினாள். முடிவு வந்தபின் யூகேட் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தோம். ஆனால் அந்தத் தேர்வு ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். விண்ணப்பமோ அடுத்த ஆண்டு. 2025 பிப்ரவரியில் கையில் நல்ல முடிவு இருந்தது, யூகேட் மதிப்பெண் இல்லை. அன்றிரவு அவள் சாப்பிடவே இல்லை.

ஆகவே ஜேசி (தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டில், பிரிலிம் தேர்வுகள் (ஏ லெவலுக்கு முன் பள்ளி நடத்தும் தேர்வுகள்) நெருக்கும் அதே காலத்தில் இதையும் எழுத வேண்டும். நான் சொல்வது ஜூலை. ஆகஸ்ட், செப்டம்பரைப் பிரிலிமுக்கு விட்டுவிடுங்கள். ஒரு சுற்றில் ஒருமுறைதான் எழுதலாம், ஆகவே சரியான ஆயத்தம் இல்லாமல் போகாதீர்கள். தேசியப் பல்கலைக்கு என்ன தேர்வு, எந்த வடிவம் என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கைப் பக்கத்திலேயே பாருங்கள், அண்டை வீட்டு அண்ணன் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பயிற்சிக்கு யூகேட் தளத்திலேயே இலவச மாதிரித் தேர்வுகள் உண்டு. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வகுப்பில் சேர்வதற்கு முன் அவற்றை முழுவதும் முடியுங்கள். பத்தியைப் படித்து விடை சொல்லும் சொற்பகுதியில் 44 கேள்விகளுக்கு 22 நிமிடம்தான், ஒரு கேள்விக்கு அரை நிமிடம். கைபேசியில் பழகினால் இந்த வேகம் வராது. எண்பலகை தனியாக உள்ள விசைப்பலகையில் பழகுங்கள், திரையில் வரும் கணிப்பானை அதில்தான் விரைவாக இயக்க முடியும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள், எதையும் காலியாக விட வேண்டாம்.

*சேர்த்தது:* "தம்பிக்கு யூகேட்டில் 2100தான், முன்பு எழுதியவர்கள் 2700 வாங்கினார்களே" என்று ஒரு வாசகி கவலைப்பட்டிருந்தார். 2025இலிருந்து உருவப்பகுதி (வடிவங்களில் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் பகுதி) நீக்கப்பட்டது. முன்பு மொத்தம் 3600, இப்போது 2700. இரண்டையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. எழுதியவர்களை மதிப்பெண் வரிசையில் பத்துச் சம பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் அந்த ஆண்டின் அட்டவணையை யூகேட் வெளியிடும், அதில் பிள்ளை எந்தப் பகுதியில் நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு சூழலில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று கேட்கும் சூழல் தீர்ப்புப் பகுதி தனி, அது 1 முதல் 4 வரையிலான நிலையாக வரும், 1 சிறந்தது.

படி 5: நேர்காணல்

இதற்குப் புள்ளி போட முடியாது. ஆனால் பிள்ளை நோயாளிகளின் அருகில் இருந்ததுண்டா என்று கேளுங்கள். அந்த இழந்த ஓராண்டில் மகள் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தாள். மாலையில் அப்பத்தாவின் நீரிழிவு மருந்தை அவருக்குப் புரியும் தமிழில் விளக்கச் சொன்னேன். "சர்க்கரை ஏறினா என்னடா ஆகும்?" என்ற கேள்விக்கு மூன்று நாள் தடுமாறியவள், மருத்துவப் பள்ளியில் பல சிறு நேர்காணல்கள் நடந்த அறைகளில் தடுமாறவில்லை.

இப்போது ஐந்து படிகளுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போடுங்கள். சதவீதம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எந்தப் படி சிவப்பு என்று தெரிந்தால் அதில் உழைக்கலாம்.

தமிழ்நாட்டில் சேர்க்கலாமா என்போருக்கு

பணம் கட்டுமுன் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுப் பள்ளிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2020இல் 160இலிருந்து 103 ஆகக் குறைத்தார்கள், 2025 பிப்ரவரியில் 112 ஆக உயர்த்தினார்கள். உறவினர் படித்த கல்லூரி அதில் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். உள்ளூரில் இடம் கிடைத்தால் குடிமக்களும் 5 ஆண்டு பொதுச் சேவைக்குக் கையெழுத்திட வேண்டும், அதைப் பிள்ளையோடு முன்பே பேசிவிடுங்கள்.

மகள் 2025 ஜூலையில் யூகேட் எழுதினாள். இந்த முறை அந்தத் தேதியை நான்தான் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன்.